மூலநிரலில் இல்லாத திருடன்

ஒரு மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வரி வரியாகப் படிக்கிறோம். கள்ளத்தனம் எங்கும் இல்லை. நாமே அதைக் கணினியில் ஏற்றி, நாமே இயங்கும் வடிவத்துக்கு மாற்றுகிறோம். இயக்கிப் பார்த்தால் திருடன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். மறுபடியும் மூலநிரலைப் படிக்கிறோம். அவன் அங்கே இல்லை.

இது மாயாஜாலக் கதை அல்ல. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்சன் செய்து காட்டிய காரியம். 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை அவரும் டென்னிஸ் ரிட்சியும் பகிர்ந்துகொண்டார்கள். தாம்சனின் ஏற்புரை 1984 ஆகஸ்டில் அச்சில் வெளிவந்தது. மூன்றே பக்கம். கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அந்த மூன்று பக்கத்தைப்போல நெடுங்காலம் தூக்கத்தைக் கெடுத்த எழுத்து வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

கட்டற்ற மென்பொருளைப் பற்றிய வாதங்களில் இரண்டு கட்சிகள் உண்டு. ‘மூலநிரல் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆகவே பாதுகாப்பானது’ என்பது ஒரு கட்சி. ‘திறந்து வைத்தால் திருடனும்தானே படிப்பான்’ என்பது எதிர்க்கட்சி. தாம்சனின் உரை இருவரையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கிறது: நீங்கள் படிக்கும் நிரல்தான் உங்கள் கணினியில் ஓடுகிறது என்பதற்கு என்ன சாட்சி?

கேள்வியின் ஆழம் புரியக் கம்பைலரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதர் எழுதும் மூலநிரல் கணினிச் சில்லுக்குப் புரியாது. அதற்குத் தெரிந்தவை எண்களாலான கட்டளைகள் மட்டுமே. மூலநிரலைப் படித்து அந்த எண்களாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். அதுவும் ஒரு மென்பொருள் என்பதால் அதற்கும் மூலநிரல் உண்டு. தாம்சன் காலத்து சி மொழிக் கம்பைலர் சி மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் அந்தக் கம்பைலரை எண்களாக மாற்றித் தந்தது எது? அதற்கு முந்தைய கம்பைலர். அதை மாற்றியது? அதற்கும் முந்தையது. இன்றைய தயிர் நேற்றைய தயிரிலிருந்து எடுத்த உறைமோரால் தோய்வதுபோல, ஒவ்வொரு கம்பைலரும் தனக்கு முந்தையதால்தான் உருவாகிறது. பால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், உறைமோரில் இருப்பது தயிருக்கு வந்துவிடும்.

தாம்சன் இதற்குக் காட்டிய உதாரணம் மிக எளியது. சி மொழியில் ‘அடுத்த வரிக்குப் போ’ என்று சொல்ல, பின்சாய்கோட்டையும் ‘என்’ எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். கணினிக்கு அது 10 என்னும் எண். கம்பைலரின் மூலநிரலைத் திறந்து இந்த 10 எங்கே என்று தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பதன் சாரம் இவ்வளவுதான்: பின்சாய்கோட்டுக்குப் பின்னால் ‘என்’ வந்தால், பின்சாய்கோடும் ‘என்’னும் சேர்ந்து குறிக்கும் எண்ணைக் கொடு. கேட்ட கேள்வியே பதிலாக எழுதப்பட்டிருக்கிறது! ஆனாலும் பிழையில்லாமல் வேலை செய்கிறது. இந்த மூலநிரலை மாற்றித் தரும் பழைய கம்பைலருக்கு அந்த எண் முன்பே தெரியும் என்பதுதான் காரணம்.

முதன்முதலில் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? புதிதாக ஒரு குறியைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பின்சாய்கோடும் ‘வி’யும் சேர்ந்த குறி, அதற்குரிய எண் 11. முதல் தடவை மூலநிரலில் 11 என்று எண்ணையே எழுதிக் கம்பைலரை உருவாக்க வேண்டும். அவ்வளவுதான், புதிய கம்பைலருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பிறகு 11ஐ அழித்துவிட்டு, அந்த இடத்தில் குறியையே எழுதிவிடலாம். மூலநிரலிலிருந்து எண் போய்விட்டது. இயங்கும் கம்பைலருக்குள் மட்டும் அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. எழுத்தில் இல்லாத அறிவு வழிவழியாக வருகிறது.

ஓர் எண்ணை இப்படிக் கடத்த முடியுமானால் ஒரு திருட்டையும் கடத்தலாம். தாம்சன் கம்பைலரில் இரண்டு சேர்க்கைகளைச் செய்தார். முதலாவது, பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல் தன்னிடம் வந்தால் கம்பைலர் அதை அடையாளம் கண்டு, எந்தக் கணக்கையும் திறக்கும் ஒரு கள்ளக் கடவுச்சொல்லை அதற்குள் வைத்துவிடும். இது மட்டும் இருந்தால் கம்பைலரின் மூலநிரலைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்குத்தான் இரண்டாவது சேர்க்கை. கம்பைலரின் மூலநிரலே தன்னிடம் வந்தால் அதையும் அடையாளம் கண்டு, இந்த இரண்டு சேர்க்கைகளையும் மறுபடி உள்ளே வைத்துவிடும். ஒரே ஒரு தடவை இப்படி உருவாக்கிவிட்டு, மூலநிரலைப் பழையபடி சுத்தமாக்கிவிடலாம். அதற்குப் பிறகு அந்தச் சுத்தமான மூலநிரலிலிருந்து எத்தனை தடவை கம்பைலரை உருவாக்கினாலும் திருடன் தானாகவே உள்ளே வந்துவிடுவான்.

இந்தத் தந்திரம் தாம்சனுக்குத் திடீரென்று தோன்றியதல்ல. அமெரிக்க விமானப்படைக்காக மல்டிக்ஸ் இயங்குதளத்தைச் சோதித்த கார்கர், ஷெல் இருவரும் 1974 அறிக்கையிலேயே இப்படி ஓர் ஆபத்தைச் சுட்டியிருந்தார்கள். தாம்சன் அதை நிகழ்த்திக் காட்டினார். அவர் எழுதிய அசல் நிரலை 2023இல் நிரலாளர் ரஸ் காக்ஸ் விளக்கத்தோடு வெளியிட்டார். ஏறக்குறைய நூறு வரி, அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தோடு இது நிற்கவில்லை. 2009இல் இண்டக் என்னும் வைரஸ் டெல்ஃபி மொழியின் நூலகக் கோப்பில் புகுந்துகொண்டது. தொற்றிய கணினியில் அதன்பின் உருவான ஒவ்வொரு டெல்ஃபி மென்பொருளும், எழுதியவர் அறியாமலே, வைரஸோடு பிறந்தது. 2015இல் ஆப்பிளின் எக்ஸ்கோடு கருவியில் கள்ளநிரல் கலந்த ஒரு பிரதி சீனாவில் பரவியது. அதை நம்பி இறக்கிக்கொண்டவர்கள் உருவாக்கிய ஐபோன் செயலிகள் ஆப்பிளின் கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டன. வீசாட் என்னும் உரையாடல் செயலியின் ஒரு பதிப்பும் அவற்றில் அடக்கம்.

2024 மார்ச் 29 அன்று கட்டற்ற மென்பொருள் உலகமே ஒரு கணம் ஆடிப்போனது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்குப் பங்களிக்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி தாமதிப்பதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் துருவிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், எஸ்எஸ்எச் வழியாகக் கள்ளத்தனமாக நுழைய ஒரு புறவாசல் இருப்பது தெரிந்தது. ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்புகளைச் செய்து, பராமரிப்பாளர் பொறுப்பு வரை வந்த ஒருவர் வைத்தது அது. லினக்ஸ் வழங்கல்களின் நிலையான பதிப்புகளைப் பெருமளவில் அடைவதற்கு முன்பே பிடிபட்டது நம் எல்லோருடைய அதிர்ஷ்டம்.

அது எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் பாருங்கள். நச்சுச் சரக்கு சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பும் வரிகள், எல்லோரும் பார்வையிடும் பொதுக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டித் தந்த பொதியில் மட்டும் இருந்தன. அதாவது மக்கள் படித்தது ஒன்று, அவர்கள் கணினியில் ஏறியது இன்னொன்று. தாம்சன் கேட்ட கேள்வி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அப்படியே திரும்பி வந்து நின்றது.

உடனே எதிர்க்கட்சி எழுந்தது: பார்த்தீர்களா, திறந்து வைத்தும் என்ன பயன்? இதற்கு என் பதில் தெளிவானது. ஃப்ராய்ண்ட் அரை நொடியைத் துரத்திக்கொண்டு எக்ஸ்இசட்டின் உள்வரை போக முடிந்ததற்குக் காரணம், வழியில் எந்தக் கதவும் பூட்டப்பட்டிருக்கவில்லை என்பதே. மூடிய மென்பொருளில் அவர் முதல் கதவிலேயே நின்று, நிறுவனத்துக்குப் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் முதல் கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூலநிரல் திறந்திருப்பது பாதி வேலைதான். அதிலிருந்துதான் இந்த இயங்கும் நிரல் வந்தது என்று எவரும் சோதித்துப் பார்க்க முடிவது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியை முடிக்கப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் செய்துவரும் வேலை, தாம்சனின் தந்திரத்துக்குச் சற்றும் குறையாத அதிசயம்.

ஒரே மூலநிரலை இரண்டு பேர் தனித்தனியாக மாற்றினால் ஒரே விடைதானே வர வேண்டும்? வராது. உருவாக்கிய தேதியும் நேரமும் உள்ளே பதிந்துவிடும். கோப்புகளைக் கணினி எடுக்கும் வரிசை மாறும். அடைவின் பெயர், மொழி அமைப்பு என்று ஒவ்வொன்றும் சில பைட்டுகளை மாற்றிவிடும். பைட்டுகள் பொருந்தாதபோது, வேறுபாடு தேதியால் வந்ததா திருடனால் வந்ததா என்று சொல்ல முடியாது. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் குழுவினர் 2013 முதல் இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் களைந்து வருகிறார்கள். தற்போதைய நேரத்துக்குப் பதிலாக மூலநிரல் கடைசியாக மாறிய நேரத்தைப் பதிவது போன்ற சின்னச் சின்னத் திருத்தங்கள், 30,000க்கும் மேற்பட்ட பொதிகளில்! இன்று அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றை யார் உருவாக்கினாலும் கடைசி பிட் வரை ஒன்றாகவே வருகின்றன. சென்னையில் சி-டாக் என்னும் அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் அடித்தளம் இதே டெபியன்தான்.

சரி, கம்பைலருக்குள்ளேயே திருடன் இருந்தால்? எல்லோரும் அதே கள்ளக் கம்பைலரைப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் ஒரே கள்ள விடைதானே வரும்? இதற்கு டேவிட் வீலர் 2005இல் ஒரு வழியை முன்வைத்து, 2009இல் முனைவர் பட்ட ஆய்வாக நிறுவினார். சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை, அதோடு தொடர்பே இல்லாத வேறொரு கம்பைலரால் மாற்றுங்கள். கிடைப்பது பைட்டளவில் வேறாக இருக்கும், ஆனால் செய்யும் வேலை அசலின் வேலையாகவே இருக்க வேண்டும். இப்போது அதைக்கொண்டு அதே மூலநிரலை மறுபடியும் மாற்றுங்கள். திருட்டு இல்லையென்றால், இந்த இரண்டாவது விடை சந்தேகத்துக்குரிய கம்பைலரோடு பிட் பிட்டாகப் பொருந்தும். பொருந்தாவிட்டால் ஏதோ இருக்கிறது. தப்பிக்கவேண்டுமானால், தொடர்பில்லாத இரண்டு கம்பைலர்களிலும் ஒரே திருடன் குடியிருக்க வேண்டும். ஜிசிசி போன்ற பெரிய கம்பைலரிலேயே இந்தச் சோதனையை வீலர் நடத்திக் காட்டினார்.

இன்னும் அடிக்குப் போனவர்களும் உண்டு. பழைய கம்பைலர் எதையும் நம்பாமல், வெறும் தரையிலிருந்து தொடங்க முடியாதா என்று அவர்கள் கேட்டார்கள். க்னூ கீக்ஸ் இயங்குதளம் ஒருகாலத்தில் ஏறக்குறைய 250 மெகாபைட் அளவுள்ள, உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் படித்திராத நிரல்களை விதையாகக்கொண்டு தன்னை உருவாக்கிக்கொண்டது. 2023இல் அந்த விதை 357 பைட்டுகளாகச் சுருங்கியது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழை இடைவெளி இல்லாமல் எழுதினால் அதில் 119 குறியீடுகள்தான் அடங்கும். ஹெக்ஸ்0 என்னும் அந்தக் குட்டி நிரலுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: பதினாறடிமான எண்களைப் படித்து பைட்டுகளாக எழுதுவது. சில்லின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டையும் தன் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். அதைக்கொண்டு இன்னும் கொஞ்சம் திறமையான நிரல், அதைக்கொண்டு மற்றொன்று, பிறகு மெஸ் என்னும் எளிய கம்பைலர், பிறகு டைனி சிசி, பிறகு ஜிசிசியின் பழைய பதிப்பு, கடைசியில் இன்றைய ஜிசிசி. படிக்கு ஒரு மூலநிரல், படிக்க முடியாத படி எதுவுமில்லை.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. இந்தப் படிகளை ஏறும்போது அடியில் ஓர் இயங்குதளக் கருவும், படிகளை வரிசையாக நடத்தித் தரும் ஒரு நிரலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவற்றுக்கும் கீழே சில்லு இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் நமக்கு இல்லை. வன்பொருளிலேயே இப்படி ஒளிக்க முடியும், அங்கே கண்டுபிடிப்பது இன்னும் கடினம் என்று தாம்சனும் எச்சரித்திருந்தார். ஆனால் ‘எதையும் நம்ப முடியாது’ என்று கைவிரிப்பதற்கும், ‘இன்ன இடம் வரை சோதித்துவிட்டோம், இனி மிச்சம் இவ்வளவு’ என்று சொல்ல முடிவதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1991இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மூலநிரலோடு அதை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கட்டளைக் கோப்புகளையும் சேர்த்தே தர வேண்டும் என்று கேட்கிறது. படித்தால் மட்டும் போதாது, நம் கையால் உருவாக்கவும் முடிய வேண்டும் என்ற எண்ணம் அந்த உரிமத்திலேயே இருந்திருக்கிறது. வீலரின் சோதனையும் டெபியனின் ஒப்பீடும் 357 பைட் ஏணியும், படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளில்தான் இப்படி எல்லோர் கைக்கும் வரும். மூடிய மென்பொருளில் ‘எங்களை நம்புங்கள்’ என்ற வாக்கு ஒன்றே மிச்சம்.

நம் மருத்துவக் குறிப்பும் வங்கிக் கணக்கும் ரேஷன் அட்டையும் இன்று மென்பொருளுக்குள் இருக்கின்றன. பொதுப்பணத்தில் மென்பொருள் வாங்கும் அரசுகள் மூலநிரலைக் கேட்க வேண்டும். அதோடு நிறுத்தாமல், அந்த மூலநிரலிலிருந்து அதே மென்பொருளைத் தனியாக உருவாக்கி ஒப்பிட்டுக் காட்டும்படியும் கேட்க வேண்டும். கணினி அறிவியல் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: டெபியனில் இன்னும் பைட் பொருந்தாத பொதிகள் மீதமிருக்கின்றன. பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்துச் சரிசெய்யலாம். உங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.