கொலுவுக்கு எப்போ வரலாம்? தெருவுக்கே ஒரு டைம் டேபிள் போட்டால் என்ன?

"ஆன்ட்டி, இன்னைக்கு என்ன சுண்டல்?" நவராத்திரி வந்தால் திருவண்ணாமலைத் தெருக்களில் இந்தக் கேள்வியோடு வீடு வீடாக ஏறி இறங்கும் குட்டிப் பட்டாளத்தைப் பார்க்கலாம். ஒரு பாட்டு, கையில் சுண்டல், அடுத்த வீடு. ஆனால் அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஏழு மணி வரை கதவில் பூட்டுதான். எட்டரைக்குக் குழந்தைக்குத் தூக்கம் வந்துவிடும். காலையில் ஸ்கூல் வேற இருக்கு.

ஒன்பது நாள் இருந்தும் ஏன் நெருக்கடி?

லீவு நாட்கள் குறைவு என்பதுதான் காரணம். 2025 நவராத்திரியில் வந்தது ஒரே ஒரு சனி, ஞாயிறு: செப்டம்பர் 27, 28. அக்டோபர் 1 ஆயுத பூஜை. எல்லோரும் இந்த நாட்களையே குறிவைக்க, மற்ற நாட்களில் செய்த சுண்டல் மிஞ்சிப்போகும். இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. அருணாசலேஸ்வரர் கோயிலில் பராசக்தி அம்மனுக்கும், ரமணாசிரமத்தில் யோகாம்பிகைக்கும் தினம் ஓர் அலங்காரம். அதைப் பார்க்கவும் மாலையில்தான் போகணும்.

மற்ற ஊர்களில் எப்படி?

அமெரிக்காவில் ஹாலோவீன் அன்று குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். பல ஊர்களில் நகர நிர்வாகமே அதற்கான நேரத்தை அறிவித்துவிடும். டெ மாய்ன் நகரில் 1938 முதல் பல பத்தாண்டுகளாக ஹாலோவீனுக்கு முந்தைய நாளான அக்டோபர் 30 மாலையில்தான் இது நடந்தது. மிட்டாய் வேண்டுமென்றால் குழந்தை ஒரு ஜோக் சொல்லணும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வேண்டாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

நம் தெருவில் என்ன செய்யலாம்?

* மாலை 6.30 முதல் 8 வரை குழந்தைகளுக்கு. பெரியவர்களுக்கான தாம்பூலம் அதற்குப் பிறகு.
* ஒரு வரிசை வீடுகளுக்கு இன்று, எதிர் வரிசைக்கு நாளை. சுண்டல் வேலை பாதியாகும். கொண்டைக்கடலையை எந்த ராத்திரி ஊறப்போடணும் என்பதும் முன்பே தெரிந்துவிடும்.
* லேட்டாக வருபவர்கள் சனி, ஞாயிறை எடுத்துக்கொள்ளலாம்.
* உடம்பு சரியில்லாதவர்கள் இருக்கும் வீட்டில் வாசல் விளக்கை அணைத்துவிட்டால் போதும். யாரும் பெல் அடிக்க வேண்டாம்.
* வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யார் விடுபடுகிறார்கள்?

தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் இருப்பதில்லை. போன மாசம் குடிவந்தவர்கள், வாட்ச்மேன் குடும்பம், வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே இல்லாதவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சுண்டலோடு திரும்புவதை வாசலில் நின்று பார்க்கும் குழந்தை பெரும்பாலும் இந்த வீடுகளில்தான் இருக்கும். அதனால் மகாளய அமாவாசையன்று கொலுப்படி கட்டும்போதே அட்டவணையை ஒரு தாளில் எழுதி, தெருமுனை மளிகைக் கடையிலும் ஒட்டிவிடுங்கள். "எல்லாக் குழந்தைகளும் வரலாம்" என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.