மாகாணம் என்னும் சொல்

நிலப்பகுதிகளுக்கு ஆட்சியாளர் இடும் பெயர்கள் வெறும் அடையாளக் குறிகளே என்று எண்ணுவோர் பலர். அரசியல் உரிமை நாடி உழைப்போர் அவ்வாறு எண்ணுதல் தகாது. ஒரு பகுதி எப்பெயரால் வழங்குகிறது என்பதை ஆராயப் புகுந்தால், அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வி தானே எழும். தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் 'மாகாணம்' என்னும் சொல்லை இங்ஙனம் ஆராய்வோம்.

சோழர் கல்வெட்டுக்களில் நாடு, கூற்றம், கோட்டம், வளநாடு, மண்டலம் என்னும் பிரிவுகளைக் காண்கிறோம். இவற்றுள் வளநாடுகள் மன்னரின் விருதுப் பெயர்களைத் தாங்கி நின்றன. க்ஷத்திரியசிகாமணி வளநாடு என்பது அத்தகையது. மன்னர் மாறியபோது இப்பெயர்களும் மாறியதுண்டு. நாடு என்பதோ நிலத்தை மட்டுமின்றி, அந்நிலத்தார் கூடிய சபையையும் குறித்தது. 'நாட்டோம்' என்று தம்மைச் சொல்லிக்கொண்டு அவர்கள் பொறித்துவைத்த சாஸனங்கள் இன்றும் உள. முன்னது மேலிருந்து வந்த பெயர். பின்னது மண்ணில் வேரூன்றியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் முதலில் வழங்கியது ராஜதானி என்பது. கும்பினியாரின் கோட்டையில் அவர்களுடைய ஆலோசனை சபைத் தலைவர் வீற்றிருந்து ஆண்ட பிரதேசமாதலால் ஆங்கிலத்தில் 'பிரஸிடென்ஸி' என்றனர். நம்மவர் சென்னை ராஜதானி என்றனர். பின்னர் 'பிராவின்ஸ்' என்பதற்கு நேராக மாகாணம் என்னும் சொல் பெருவழக்காயிற்று. பிராவின்ஸ் என்பதன் மூலமோ லத்தீன் மொழி. உரோமாபுரியின் அதிகாரி ஒருவருக்கு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பையே அச்சொல் முதலில் குறித்தது. நாளடைவில் அவர் ஆண்ட வெளிநாட்டுக்கே பெயராயிற்று. சிசிலித் தீவு அவ்வாறு அடங்கிய முதல் நாடு. அப்பெயரில் குடிகளின் சம்மதத்திற்கு இடமே இல்லை என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும்.

இச்சொல்லுக்குப் புதுப் பொருள் தர முயன்றது தேசிய இயக்கம். 1920-ம் வருஷத்து நாகபுரிக் காங்கிரஸ், சர்க்கார் வகுத்த எல்லைகளைப் புறக்கணித்து, பாஷைவாரியாகத் தன் மாகாணக் கமிட்டிகளை அமைத்தது. சென்னை ராஜதானி ஒன்றாய் இருக்கும்போதே தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி என்ற பெயர் வழக்கில் வந்தது. சர்க்காரின் தேசப்படத்தில் இல்லாத ஒரு நாடு தொண்டர்களின் உள்ளத்தில் முதலில் உருவாயிற்று.

1935-ம் வருஷத்து இந்தியச் சட்டம் 'மாகாண சுயாட்சி' அளிப்பதாகக் கூறியது. 1937-ல் தேர்தல் நடந்து, ராஜாஜி சென்னையில் பிரதம மந்திரியானார். 1939-ல் இந்தியரைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார் வைஸ்ராய். காங்கிரஸ் மந்திரிகள் ராஜினாமாச் செய்தனர். உடனே 93-வது பிரிவின்படி அதிகாரம் முழுவதும் கவர்னர் கைக்குப் போயிற்று. 1946 வரை சென்னையில் அந்நிலையே நீடித்தது. சுயாட்சி என்ற அடைமொழி சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆட்சி கவர்னர் மாளிகையில் இருந்தது.

1950-ல் குடியரசு ஏற்பட்டதும் மாகாணம் என்ற சொல் இந்திய அரசியலமைப்பினின்று நீங்கியது. ராஜ்யம் என்றும், பின்னர் மாநிலம் என்றும் தமிழில் வழங்கலாயிற்று. பொட்டி ஸ்ரீராமுலு 1952-ல் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்த பின்னரே, 1953-ல் ஆந்திரம் பிறந்தது. 1956-ல் மொழிவாரி எல்லைகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டே, தமிழ்நாடு என்ற பெயர் முதலான கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் பட்டினி கிடந்து மாண்டார். அப்பெயர் 1969-ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பெயர் அற்பமாயின் இத்தியாகங்கள் எதற்கு?

ஆயினும் பெயர் மாறியதனால் மட்டும் உரிமை நிலைபெற்றுவிடாது. மாநிலங்களின் எல்லையையும் பெயரையும் மாற்றப் பார்லிமெண்டுக்கு அரசியலமைப்பின் 3-வது ஷரத்து அதிகாரம் தருகிறது. மாநில சட்டசபையின் கருத்தைக் கேட்டால் போதும், அதன் சம்மதம் வேண்டுவதில்லை. 2019-ல் ஜம்மு காஷ்மீர் மாநிலம், சட்டசபையே இல்லாதிருந்த சமயத்தில், இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கப்பட்டது.

இனி, மாகாணம் என்ற சொல் இன்றும் உயிருடன் வழங்கும் இலங்கையை நோக்குவோம். 1833-ல் கோல்புரூக் கமிஷன் சீர்திருத்தங்களின்போது பிரிட்டிஷார் அத்தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தனர். 1889-ல் அவை ஒன்பதாயின. கவர்னரின் ஏஜெண்டு வரி வாங்குவதற்கும் காவல் நடத்துவதற்கும் ஏற்பட்ட பிரிவுகள் அவை. 1987-ம் வருஷத்து 13-வது திருத்தம் அவற்றிற்கே மாகாண சபைகளைத் தந்தது. வடக்கும் கிழக்கும் ஒரே சபையாக 1988-ல் தேர்தல் கண்டன. 1990-ல் அச்சபை கலைக்கப்பட்டது. 2006-ல் இணைப்புச் செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-ல்தான் வட மாகாணம் தனக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தது. நிலமும் போலீஸும் அதிகாரப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தும் அச்சபையின் கைக்கு வந்து சேரவில்லை. 2018-ல் அதன் காலம் முடிந்த பின், உரிய காலத்தில் மறுதேர்தல் நடவாமல், நிர்வாகம் ஆளுநரிடம் சென்றது. 1939-ல் சென்னை கண்ட காட்சிக்கும் இதற்கும் காரணம் வேறு. குடிகளுக்கு நேர்ந்த பலன் ஒன்றே.

ஆகவே, மாகாணமோ மாநிலமோ, பெயர் எதுவாயினும், தேசாபிமானிகள் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. தேர்தல் குறித்த காலத்தில் நடக்கிறதா? வரிப்பணத்தைச் செலவிடும் அதிகாரம் ஜனப் பிரதிநிதிகளிடம் உண்டா? எல்லையை மாற்ற அந்நிலத்து ஜனங்களின் சம்மதம் வேண்டுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் வரையில், அந்நிலம் இன்னும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாகவே இருக்கிறதென்று அறிந்து, சலியாது உழைப்பது நம் கடமையாகும்.