அரால்கும்: நீர் போன வழியில் எழுந்த புழுதி

2018 மே மாத இறுதியில் உஸ்பெகிஸ்தானின் காரகல்பாக்ஸ்தான், கோரெஸ்ம் பகுதிகளிலும் அடுத்துள்ள துர்க்மெனிஸ்தானின் வடபகுதியிலும் வெண்புழுதி வீசியது. கூரைகளிலும் வயல்களிலும் படிந்தது வெறும் மண் அல்ல, உப்பு. அது கிளம்பிய இடத்தின் பெயர் அரால்கும். உலகின் மிக இளைய பாலைவனங்களில் ஒன்று. 1960-இல் அந்த இடம் முழுக்க அரால் கடலின் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

கடல் என்று அழைக்கப்பட்டாலும் அரால் ஓர் ஏரி. சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் அன்று உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. மழை மிகக் குறைந்த அந்த மண்ணில் அதை நிரப்பியவை பாமிர் மலையிலிருந்து வரும் அமு தரியா, தியான் ஷான் மலையிலிருந்து வரும் சிர் தரியா ஆகிய இரு ஆறுகள். பருத்தி விளைவிப்பதற்காக சோவியத் அரசு இரண்டையும் வயல்களுக்குத் திருப்பியது. சுமார் 45 லட்சம் எக்டேராக இருந்த பாசனப் பரப்பு, 30 ஆண்டுகளில் 70 லட்சத்தைத் தாண்டியது. இப்படி நீரைத் திருப்பிய காரகும் கால்வாய் மட்டுமே 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் பெரும்பகுதி மண் கால்வாய். வயலுக்குப் போகும் முன்பே ஏராளமான நீர் மணலுக்குள் இறங்கிவிட்டது.

ஏரி சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். மீனைவிடப் பருத்தி லாபம் என்று கணக்கிட்டார்கள். வற்றிய படுகையின் மேல் கெட்டியான உப்பு ஓடு படிந்து மண்ணைக் காத்துவிடும் என்றுகூடச் சில வல்லுநர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தது. படுகையின் பல இடங்களில் சல்பேட் உப்புகள் மிகுதி. அவை ஈரத்தை ஏற்றும் இழந்தும் மாறி மாறி உப்பி, மண்ணைப் பொலபொலப்பாக்கிவிடுகின்றன. அதன் மேல் செடி எளிதில் பிடிக்காது, காற்றோ சுலபமாக அள்ளிக்கொள்ளும். பருத்தி வயல்களில் தெளித்த பூச்சிக்கொல்லிகளின் எச்சமும் வடிகால் நீரோடு வந்து அதே படுகையில் தங்கியிருக்கிறது.

வயல்களிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. போதிய வடிகால் இல்லாமல் அளவுக்கு மீறி நீர் பாய்ச்சியதில் நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்த நீர் மேல்மண்ணுக்கு ஏறி, வெயிலில் ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. அந்த உப்பைக் கழுவ விதைப்புக்கு முன் வயலில் மறுபடி நீர் நிரப்புகிறார்கள். நிலத்தைக் கெடுத்த நீரையே மேலும் கேட்கும் நிலம் அது. உப்பு பூத்துக் கைவிடப்பட்ட வயல்களிலிருந்தும் புழுதி கிளம்புகிறது.

காலநிலை மாற்றம் இந்த முடிச்சை இறுக்குகிறது. சுற்றுப்புறத்தின் கோடையையும் குளிரையும் மட்டுப்படுத்திவந்த பெரிய நீர்ப்பரப்பு போய்விட்டதால், பக்கத்து ஊர்களில் கோடை கடுமையாகி, குளிர்காலமும் கொடுமையாயிற்று. அதற்கு மேல், மத்திய ஆசியா உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடாகிறது. பயிருக்கு வேண்டிய நீரின் அளவு கூடுகிறது. ஆறுகளுக்கு உணவூட்டும் பனியாறுகளோ சுருங்குகின்றன. பனியின் மேல் படியும் புழுதி அதைக் கருமையாக்கி இன்னும் சீக்கிரம் உருக வைக்கிறது. வெப்பத்தின் பங்கு இவ்வளவு இருந்தும், அதன் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. அரால் வற்றியதற்கு முதற்காரணம் வாய்க்கால்தான்.

காரகல்பாக்ஸ்தானில் இரத்தசோகையும் மூச்சுக்கோளாறுகளும் நெடுங்காலமாக மருத்துவர்களை வாட்டும் பிரச்சினைகள். உப்புக் குடிநீரும் வறுமையும் அதில் சேர்ந்திருக்கின்றன. புழுதியை மட்டும் பிரித்துக் குற்றம்சாட்டுவது கடினம். ஆனால் அதைச் சுவாசிக்கும் குழந்தைகள் பருத்தியால் எதையும் சம்பாதித்தவர்கள் அல்ல என்பது சந்தேகத்துக்கு இடமில்லாதது.

மீட்க முடியுமா? வடக்கே ஓரளவு முடிந்திருக்கிறது. கஜகஸ்தான் உலக வங்கியின் கடனுதவியுடன் 2005-இல் கோக்-அரால் அணையைக் கட்டி, சிர் தரியாவின் நீரை, அரால் சுருங்கியதில் தனியே பிரிந்த சிறிய வடக்கு ஏரியில் தேக்கியது. எதிர்பார்த்ததைவிட வேகமாக நீர்மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன்பிடிப்பும் திரும்பியது. தெற்கே அப்படி இல்லை. 2014-இல் தெற்கு ஏரியின் கிழக்குப் பகுதி முழுதாகவே வற்றியது. அங்கே உஸ்பெகிஸ்தான் 2018-க்குப் பிறகு பெரும் பரப்பில் சாக்சால் என்ற பாலைச் செடியை நட்டுவருகிறது. ஆழமாக வேர்விட்டு மண்ணைப் பிடித்து, தரையோடு வரும் காற்றின் வேகத்தைக் குறைக்கும் செடி அது. உப்பு மிகுந்த இடங்களில் பல கன்றுகள் பிழைப்பதில்லை. பிழைத்தவையும் ஏரியைத் திருப்பித் தராது.

இதற்கிடையே ஆப்கானிஸ்தான் 2022-இல் அமு தரியாவிலிருந்து 285 கிலோமீட்டர் நீள கோஷ் தெபா கால்வாயை வெட்டத் தொடங்கியது. வறட்சியில் வாடும் அந்நாட்டுக்கும் ஆற்றில் உரிமை உண்டு. ஆனால் 1992-இல் நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஐந்து நாடுகளில் ஆப்கானிஸ்தான் இல்லை. அதையும் சேர்த்துப் புதிய உடன்பாடு காண்பதும், பழைய மண் கால்வாய்களின் கசிவை அடைப்பதும்தான் செடி நடுவதைவிட அவசரமான வேலைகள்.