உப்புப் பாக்கெட்டில் ஒரு தேதி எழுதுங்கள்

எங்கள் வீட்டில் நான்கு பேர். போன தை மாதம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று, அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். இருபத்தைந்தாம் நாள் பாக்கெட் காலி. வகுத்துப் பார்த்தால் தலைக்கு நாளொன்றுக்கு 10 கிராம். வடித்துக் கொட்டியதையும் பாத்திரத்தோடு கழுவிப் போனதையும் கழித்தாலும் எட்டு கிராமுக்குக் குறையாது. அதுவும் அடுப்படியில் போட்ட உப்பு மட்டும்தான். ஊறுகாயும் சாயங்கால மிக்சரும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

"நான் அளவாத்தானே போடறேன்" என்றாள் அம்மா. அவள் அளவு என்பது கை. அன்று சாம்பாருக்கு அள்ளிய உப்பை அப்படியே சின்னத் தராசில் போடச் சொன்னேன். 14 கிராம். ரசம், பொரியல், மோர் எல்லாம் இன்னும் பாக்கி. அம்மா தராசையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே. தூள் உப்பில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. உலக சராசரியே இதைப்போல் இரண்டு மடங்கு என்று அதே நிறுவனம் சொல்கிறது. உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது ரத்தத்தில் மிகுந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்க்குள் ஓடும் அளவு கூட, அழுத்தமும் கூடுகிறது. வருஷக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் இதயமும் சிறுநீரகமும் மூளையின் நுண்ணிய குழாய்களும் ஓசையில்லாமல் கெடுகின்றன. பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதம்தான். தமிழ்நாட்டில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக அரசு எடுத்த ஆய்வு காட்டியது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

"நாங்கள் இந்துப்புக்கு மாறிவிட்டோம்" என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். இந்துப்பும் கல்லுப்பும் சோடியம் குளோரைடுதான். அழுத்தத்தை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. அதனால் உப்பைக் குறையுங்கள். ஆனால் போடும் உப்பு அயோடின் சேர்த்ததாகவே இருக்கட்டும். சோடியம் குறைந்த உப்பும் கடையில் கிடைக்கிறது. 2014இல் தமிழக அரசு கொண்டுவந்த அம்மா உப்பிலேயே அப்படி ஒரு வகை இருந்தது. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்ப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் இந்த வகை உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது, பக்கவாதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறிப்போகும்.

வீட்டில் போடுவதை நாமே குறைக்கலாம். கடையில் வாங்குவதற்குத்தான் சட்டத்தின் துணை வேண்டும். அடைத்து விற்கும் உணவின் உறையில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. அதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒன்றைக் கவனியுங்கள்: எண் பெரும்பாலும் 100 கிராமுக்கு என்றுதான் இருக்கும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று போட்டிருக்கும் 150 கிராம் மிக்சரை ஒரே ஆள் தின்று தீர்த்தால், 1,200 மில்லிகிராம் சோடியம், அதாவது 3 கிராம் உப்பு உள்ளே போகிறது. அன்றைய வரம்பில் பாதிக்கு மேல் போயிற்று. இனிப்பு பிஸ்கட்டிலும் ரொட்டியிலும்கூடச் சோடியம் உண்டு. நாக்குக்குத்தான் தெரியாது.

சிலி நாட்டில் 2016 முதல், உப்பு மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்குக்கூட அது புரியும். இங்கேயும் முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்ற பொதுநல வழக்கில், நிபுணர் குழு மூன்று மாதத்துக்குள் பரிந்துரை தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த எச்சரிக்கை முன்பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். வாங்கிய பாக்கெட்டில் சோடியம் அளவே இல்லையென்றால் உறையையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் விற்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்குவதில்லை, மாத்திரையும் இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரேயடியாகக் குறைக்கவில்லை. அப்படிச் செய்தால் தட்டில் கை வைக்க மாட்டார்கள். கைக்குப் பதில் கரண்டி வந்தது. வாரம் கால் கரண்டி குறைந்தது. சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை விட்டோம். பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிகிறோம், மிளகும் கறிவேப்பிலையும் கூட்டினோம். ஊறுகாய் ஜாடியைச் சாப்பிடும் இடத்திலிருந்து பரணுக்கு ஏற்றினாள் அம்மா. அப்பாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். முதல் இரண்டு வாரம் முகம் சுளித்தவர், இப்போது கல்யாண வீட்டுச் சாம்பாரை "உப்புக் கரிக்குது" என்கிறார். நாக்கு பழகிவிடும், சில வாரம் பொறுக்க வேண்டும்.

இப்போது எங்களுக்கு ஒரு கிலோ 40 நாள் வருகிறது. வெளியில் எதையும் தொடாத நான்கு பேர் குடும்பத்துக்கே அது 50 நாள் வர வேண்டும். இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? இன்றைக்கே தேதி எழுதி வையுங்கள்.