உச்சி வெயிலில் கமராவை மூட வேண்டுமா?

நண்பகலில் படமெடுக்காதே என்பது பழைய பாடம். திருகோணமலையில் அது பாதி உண்மைதான். ஏறத்தாழ 8.6 பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் இந்த ஊரில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. நிலாவெளி மணலின் மெல்லிய வரிகள் அப்போது படத்தில் காணாமல் போகும். மேடுபள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிழல். கிடைமட்டப் பரப்பில் செங்குத்தாக விழும் ஒளி நிழலை நீட்டாது. ஆனால் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் கிழக்குச் செங்குத்துப் பாறைக்குக் கணக்கு வேறு. முற்பகல் பதினொரு மணி வெயில் அதன் முகத்தை உரசிக்கொண்டு இறங்குவதால், ஒவ்வொரு வெடிப்பும் கறுத்துத் தெரியும். ஆக, பார்க்க வேண்டியது மணியை அல்ல, ஒளிக்கும் பரப்புக்கும் இடையிலான கோணத்தை.

இன்றைய கைபேசிகள் பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களை ஒன்றாக்கிச் சரிசெய்துவிடுமே என்று கேட்கலாம். கருத்த மூலையை அவை வெளிச்சமாக்கும், உண்மைதான். விழாத நிழலை அவற்றால் விழவைக்க முடியாது. சரி, அந்திக்குக் காத்திருக்கலாமே? இங்கே சூரியன் தொடுவானத்தை ஏறக்குறைய செங்குத்தாகக் கடப்பதால் மறைந்து இருபதுசொச்ச நிமிடத்தில் நல்ல வெளிச்சம் தீர்ந்துவிடும்; லண்டனில் அரைமணிக்கு மேல் நிற்கும். புறாத்தீவுப் பவளப்பாறைக்கோ நண்பகலே உகந்தது: நேராக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதமே அமைதியான நீர்ப்பரப்பில் தெறித்துத் திரும்பும், மிச்சம் உள்ளே இறங்கும்.