4ஆம் நிலையில் மட்டும் சுழன்ற விசிறி

சென்ற ஆனி மாதத்து மழையிரவில், மூச்சிரைப்பால் வருந்திய தாயாரைக் காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றேன். காரின் முன்கண்ணாடியில் உட்புறம் நீர்த்திவலைகள் படர்ந்து சாலையை மறைத்தன. ஏ.சி. விசிறி 1, 2ஆம் நிலைகளில் இயங்கவில்லை. பதற்றத்தில் மற்றவற்றைச் சோதிக்கத் தோன்றவில்லை. துணியால் துடைத்தபடியே ஓட்டினேன்.

மறுநாள் பார்த்தால், 4ஆம் நிலையில் மட்டும் விசிறி சுழன்றது. பணிமனையிலோ கட்டுப்பாட்டுப் பலகை முழுவதையும் மாற்றச் சொன்னார்கள்.

இத்தகைய திருகுகுமிழ் அமைப்பில், குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகவும், உச்ச வேகத்திற்கு நேரடியாகவும் செல்கிறது. ஆகவே மோட்டார் நலமே, ஐயத்திற்குரியது ரெசிஸ்டர். பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, இடப்பக்க டேஷ்போர்டு பெட்டியை அகற்றினேன். விசிறியருகே இரு திருகாணிகளில் நின்ற ரெசிஸ்டர் கருகியிருந்தது. அதே மாடலுக்குரிய புதியதைப் பொருத்தியதும் நான்கு நிலைகளும் இயங்கின. ரெசிஸ்டரைக் குளிர்விப்பது விசிறியின் காற்றே என்பதால், தூசியடைந்த ஃபில்டரையும் மாற்றினேன்.

ஏ.சி. வாயுக் குழாய்களையும் ஏர்பேக் இணைப்புகளையும் தாமே தொடுதல் கூடாது; உத்தரவாதக் காலமெனில் முதலில் விதிகளைப் படியுங்கள். மழைக்கு முன்னரே விசிறியின் எல்லா நிலைகளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.