பெரட்டும் தொலைக்காட்சியும்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. சிகாமட்டில் என் அக்காள் வீட்டில் அப்போது ஐவர் இருந்தனர். இளையவள் ஐந்தாம் படிவ மாணவி. எஸ்.பி.எம். தேர்வை எழுத வேண்டியவள். அவளுக்கு வகுப்புகள் எல்லாம் திரைவழியே நடந்தன. வரவேற்பறையில் என் தந்தை, அதாவது அவளுடைய தாத்தா, நாள் முழுதும் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார்.

தாத்தா தொலைக்காட்சியை முடுக்கிய சில நொடிகளிலேயே இளையவளின் திரையில் ஆசிரியரின் முகம் அசையாமல் நின்றுவிடும். குரல் துண்டு துண்டாக வரும்.

“தாத்தா, கொஞ்ச நேரம் டிவிய அடைச்சிடுங்களேன். கணக்குப் பாடம் ஓடுது.”

“அது வேற, இது வேற. டிவி பாத்தா உன் போன் ஏன்மா நிக்கணும்?”

தாத்தா கேட்டது நியாயமான கேள்விதான். நாளுக்கு நான்கு முறை இந்தச் சண்டை நடந்தது. சில நாள்களில் இளையவள் வகுப்பையே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். தேர்வு ஆண்டில் இது சிறிய இழப்பன்று. பாலிடெக்னிக்கில் வலையமைப்புத் துறையில் பயின்ற அவளுடைய அண்ணன்தான் இறுதியில் காரணத்தைக் கண்டுபிடித்தான். அவன் கண்டறிந்ததைப் புரிந்துகொள்ள, தொலைக்காட்சி இணையம்வழி வீட்டுக்குள் வரும் முறையை முதலில் அறிய வேண்டும்.

தெலிகோம் மலேசியா நிறுவனம் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யூனிஃபை எனும் ஒளியிழை இணையச் சேவையைத் தொடங்கியது. அதனுடன் ஹிப் டிவி எனும் தொலைக்காட்சிச் சேவையும் வந்தது. பின்னாளில் அது யூனிஃபை டிவி எனப் பெயர் மாறியது. இச்சேவைக்குக் கூரையின் மேல் வட்டில் தேவையில்லை. தலைமுடி அளவே உள்ள ஒரே கண்ணாடி இழையில் இணையமும் வந்தது, தொலைக்காட்சியும் வந்தது.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் இரவை எண்ணிப் பாருங்கள். ரியோ ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டத்தில் லீ சொங் வெய், சீனாவின் சென் லோங்கை எதிர்கொண்டார். சிகாமட்டில் ஒரு தாமானில் இருநூறு வீடுகள் இந்த ஆட்டத்தை இணையவழித் தொலைக்காட்சியில் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். தெளிவான படத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 8 மெகாபிட் தரவு வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்படி அனுப்பினால் 200 × 8 = 1,600 மெகாபிட். விநாடிக்கு 1,000 மெகாபிட் மட்டுமே தாங்கும் ஓர் இணைப்பில் இது அடங்காது. ஆட்டம் விறுவிறுப்பாகும்போது படம் உறைந்து நிற்கும். அத்தனை பேருக்கும் வேண்டியதோ ஒரே படம்!

ஒரே தரவை ஒரே முறை அனுப்பி, பாதை பிரியும் இடத்தில் மட்டும் படியெடுத்துக் கொடுக்கும் முறைக்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். தமிழில் குழுப் பரப்பல் எனலாம். ஒருவருக்கு மட்டும் அனுப்புவது தனிப் பரப்பல். கேட்டவர், கேளாதவர் எல்லாருக்கும் அனுப்புவது பொதுப் பரப்பல். குழுப் பரப்பல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கேட்டவர் அனைவருக்கும், கேட்டவருக்கு மட்டும் அனுப்புகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்டீவ் டியரிங் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை ஆவணமே இதற்கு அடிப்படை.

தாத்தாவுக்கு இதை விளக்க மூத்தவன் திணறினான். பிறகு, தாத்தா இளமையில் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர் என்பது அவனுக்கு நினைவு வந்தது.

“தாத்தா, பெரட்டுல தொரை ஒவ்வொரு ஆளா கூப்பிட்டா வேலை சொல்வாரு?”

“அதெப்படி? தொரை கிராணிகிட்ட சொல்வாரு. கிராணி கங்காணிங்ககிட்ட சொல்வாரு. நாங்க எங்க ஆளுங்களுக்கு மட்டும் சொல்வோம். பத்தாம் நம்பர் காட்டு வேலைய எட்டாம் நம்பர் காட்டு ஆளுகிட்ட எதுக்குச் சொல்லணும்?”

இணையத்தில் கங்காணியின் வேலையைச் செய்வது சுவிட்ச். பல கம்பிகள் வந்து சேரும் சிறிய பெட்டி அது. ஒவ்வொரு கம்பியும் செருகப்படும் இடத்தைப் போர்ட் என்பர். எந்தத் தரவு எந்தப் போர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சுவிட்ச் முடிவு செய்கிறது. ஆனால், எல்லாச் சுவிட்சும் நல்ல கங்காணி அன்று. மலிவான சுவிட்ச் குழுப் பரப்பல் தரவைக் கண்டால், யாருக்கு வேண்டும் என்று பாராமல் எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிவிடும். எட்டாம் காட்டு ஆள்களும் பத்தாம் காட்டு வேலையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அக்காள் வீட்டில் நடந்ததும் இதுவே. முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரே கம்பி. பின்னறையில் கடையில் வாங்கிய சாதாரணச் சுவிட்ச். அதில் ஒரு போர்ட்டில் தாத்தாவின் டிகோடர் பெட்டி, இன்னொன்றில் அருகலைக் கருவி. தாத்தா கேட்ட அலைவரிசை அருகலைக் கருவிக்கும் போனது. அருகலையில் ஒரு சிக்கல் உண்டு. குழுப் பரப்பல் தரவை அது வழக்கமாகத் தன் மிகக் குறைந்த வேகத்தில்தான் காற்றில் அனுப்பும். தொலைவில் உள்ள மெதுவான கருவிக்கும் எட்ட வேண்டும் அல்லவா? பழைய கருவிகளில் இந்த வேகம் விநாடிக்கு 1 மெகாபிட்டாகக்கூட இருக்கலாம். 8 மெகாபிட் படத்தை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப முயன்றால் காற்றலை முழுவதும் அடைத்துக்கொள்ளும். இளையவளின் கணக்கு வகுப்புக்கு இடமே இராது.

இணைய வேகம் போதாது என்று எண்ணிக் கட்டணத்தை உயர்த்த அக்காள் தயாராக இருந்தார். செய்திருந்தால் பணம்தான் வீணாகியிருக்கும்.

மூத்தவன் செய்தது எளிய வேலை. அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்ச் ஒன்றை வாங்கி, அதில் ஐ.ஜி.எம்.பி. ஒட்டுக்கேட்டல் எனும் வசதியை முடுக்கினான். பெயரைக் கேட்டால் திருட்டுத்தனம்போல் தோன்றும். உண்மையில் பயனுள்ள பழக்கம். டிகோடர் பெட்டி ஓர் அலைவரிசையைப் பார்க்க விரும்பினால், “இந்தக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்” என்று ஒரு சிறு செய்தியை மேலே அனுப்பும். அந்தச் செய்தியின் நெறிமுறைதான் ஐ.ஜி.எம்.பி. செய்தி தன்னைக் கடந்து போகும்போது சுவிட்ச் அதைக் கேட்டு, எந்தப் போர்ட் எந்தக் குழுவைக் கேட்டது என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்தப் போர்ட்டுக்கு மட்டுமே தரவை அனுப்பும். குழுக்களுக்கு 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஓர் அலைவரிசைக்கு ஒரு முகவரி.

அன்று மாலை தாத்தா செய்தி பார்த்தார். இளையவள் இயற்பியல் படித்தாள்.

வீட்டுக்கு இது போதும். ஆனால், ஒரு நகருக்கோ பள்ளிக்கோ இன்னொன்றும் வேண்டும். அதுதான் வி-லேன். ஒரே தண்டவாளத்தில் பயணிகள் இரயிலும் சரக்கு இரயிலும் ஓடுகின்றன. சிகாமட் நிலையத்தில் நிற்பவர் எவரும் சரக்குப் பெட்டியில் ஏறுவதில்லை. அதுபோலவே, ஒரே கம்பியில் செல்லும் தரவுகளுக்கு எண்ணிட்டு, அவற்றைத் தனித்தனி வலைகள்போல் பிரித்து வைக்கலாம். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஒரு முத்திரை சேர்க்கப்படும். அதில் 1 முதல் 4,094 வரை ஓர் எண்ணை இடலாம். யூனிஃபையில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்ற எண்கள் வழங்கின. சொந்தமாக ரவுட்டர் வாங்கிப் பொருத்திய பல மலேசியர்களுக்கு இவ்விரு எண்களும் மனப்பாடம்.

வி-லேன் பிரிவினை செய்யும் நன்மையே குழுப் பரப்பலுக்கு இடையூறாகவும் ஆகும். ஒரு வி-லேனில் உள்ள தரவு மற்றொன்றுக்குள் நுழையாது. இருபது வி-லேன்களில் உள்ளவர்கள் ஒரே அலைவரிசையைக் கேட்டால், மேலே உள்ள ரவுட்டர் வி-லேனுக்கு ஒன்றாக இருபது படிகளை அதே கம்பியில் அனுப்ப வேண்டியிருக்கும். குழுப் பரப்பலின் பயன் பெரிதும் போய்விடும். இதற்குத் தீர்வாக வந்ததே மல்டிகாஸ்ட் வி-லேன். தொலைக்காட்சித் தரவுக்கென ஒரு பொது வி-லேனை ஒதுக்கி, அதில் ஒரே படியைக் கொண்டுவருவார்கள். கடைசிச் சுவிட்ச் மட்டும் அதைக் கேட்டவரின் போர்ட்டுக்கு எடுத்துத் தரும். அந்தப் போர்ட் எந்த வி-லேனைச் சேர்ந்ததாக இருந்தாலும் சரி.

நான் பணியாற்றிய பள்ளியில் பின்னர் இதை நேரில் செய்து பார்த்தோம். மண்டபத்தில் நடக்கும் சபைகூடலை எல்லா வகுப்பறைகளிலும் காட்ட வேண்டும். கணினிக்கூடம் வி-லேன் 10, வகுப்பறைகள் 20, ஆசிரியர் அறை 30. மூத்தவன் சுவிட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முதலில் 100 என்ற எண்ணில் புதிய வி-லேனை உருவாக்கி, இதுவே மல்டிகாஸ்ட் வி-லேன் என்று குறித்தான். பிறகு மண்டபக் கணினி இணைந்திருந்த போர்ட்டை ‘மூலம்’ என்றும், வகுப்பறை, கணினிக்கூடம், ஆசிரியர் அறை ஆகியவற்றின் போர்ட்டுகளைப் ‘பெறுநர்’ என்றும் அறிவித்தான். இந்தப் பிரிவினை முக்கியம். பெறுநர் போர்ட்டிலிருந்து எவரும் தம் சொந்தப் படத்தைப் பள்ளி முழுதும் பரப்பிவிட முடியாது. குறும்புக்காரர்கள் நிறைந்த நான்காம் படிவ வகுப்பை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அடுத்து, எந்தக் குழு முகவரிகளை அனுமதிப்பது என்று எழுத வேண்டும். 239 எனத் தொடங்கும் முகவரிகள் ஒரு நிறுவனத்தின் உள்வலைக்குள்ளேயே பயன்படுத்துவதற்கு உரியவை. ஆகவே, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் மாடிக்குச் செல்லும் கம்பியில் வி-லேன் 100 கடந்துபோக அனுமதி தர மறந்ததால், மேல்மாடி வகுப்புகளில் முதலில் கருந்திரைதான் தெரிந்தது. அது ஐந்து நிமிடத்தில் சரியானது.

பெரிய வேடிக்கை அதற்குப் பிறகுதான். சோதனைப் படம் எல்லா வகுப்பிலும் தெளிவாக ஓடியது. நாங்கள் கைதட்டி முடித்த சிறிது நேரத்தில் எல்லாத் திரையும் ஒன்றாக நின்றன. மீண்டும் தொடங்கினோம், மீண்டும் நின்றன. மூன்றாம் முறை மூத்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். சரியாக 4 நிமிடம் 20 விநாடி.

“மாமா, 260 விநாடி! கேட்க ஆள் இல்ல” என்று சிரித்தான்.

எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். குழுவில் சேர்ந்தவர் இன்னும் பார்க்கிறாரா என்பதை யாரேனும் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக ரவுட்டர் 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். பதில் சொல்ல 10 விநாடி அவகாசம் தரும். ஒருமுறை கேள்வி தவறிப்போனாலும் பாதகமில்லை என்பதற்காக இருமுறை காத்திருப்பார்கள். 125-ஐ இரண்டால் பெருக்கி 10-ஐக் கூட்டினால் 260. அதற்குள் எந்த விடையும் வராவிட்டால், பார்ப்பவர் எழுந்து போய்விட்டார் என்று சுவிட்ச் முடிவு செய்து தரவை நிறுத்திவிடும். எங்கள் வி-லேன் 100இல் ரவுட்டரே இல்லை. யாரும் கேட்கவில்லை; ஆகவே, யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி கேட்கும் பொறுப்பைச் சுவிட்சிடமே ஒப்படைக்க ஓர் அமைப்பு இருந்தது. அதை முடுக்கியதும் படம் நிற்கவில்லை.

பெரட்டில் ஆள்களின் பெயரை நாள்தோறும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது தாத்தாவுக்குச் சொல்லாமலே தெரியும். நேற்று வந்தவன் இன்றும் வந்திருக்கிறானா என்று பார்க்கத்தான்.

இன்னொரு அமைப்பும் உண்டு. உடனடி விலகல் என்பது அதன் பெயர். ஒருவர் அலைவரிசையை மாற்றினால், பழைய அலைவரிசையைச் சுவிட்ச் அக்கணமே நிறுத்திவிடும், “வேறு யாரேனும் பார்க்கிறீர்களா?” என்று கேட்டுக் காத்திராது. ஒரு போர்ட்டுக்கு ஒரே கருவி இருக்கும் இடத்தில் இது மிகவும் நல்லது. வகுப்பறைகளில் அதைத்தான் வைத்தோம். ஆசிரியர் அறையில் மட்டும் ஒரே போர்ட்டில் ஒரு சிறு சுவிட்ச் வழியாக இரண்டு திரைகள் இருந்தன. முதல் நாள் ஒருவர் ஒரு திரையை அடைத்ததும் மறுதிரையும் சட்டென்று நின்றது. அந்தப் போர்ட்டுக்கு மட்டும் உடனடி விலகலை நீக்கினோம்.